பதினெட்டு நாட் காற்று

கடல்பாலத்தின் முனையில் இருந்த கொடி, நனைந்த துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பியின் மஞ்சள் கைட் மட்டும் கடலுக்கு மேலே விறைப்பாக நின்றது.

அலைப்பலகைகளையும், பலகையில் நிற்பவரைக் காற்றில் இழுத்துப்போகும் பெரிய பட்டங்களான கைட்களையும் வாடகைக்கு விடும் கடையின் வாசலில் நின்று அக்கா அதையே பார்த்தாள். மாலை நாலு மணி. உள்ளே காயும் ரப்பர் உடைகளின் புளித்த வாடையும், பாலத்துத் தூண்களில் ஒட்டிய சிப்பிகளின் வீச்சமும், தூண்களில் தண்ணீர் சோம்பலாக மோதி விலகும் சத்தமும் நகர மனமில்லாமல் அவளைச் சுற்றியே நின்றன. கொஞ்சம் காற்று அடித்தால்கூட இந்த வாடை இவ்வளவு நேரம் இருக்காது. காற்று நின்றால் கைட் பொத்தென்று விழ வேண்டும். இது விழவில்லை.

தினமும் காலையில் பாலத்து முனைக்கு நடந்துபோய், காற்றுமானியைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வாசல் போர்டில் எழுதுவாள். இன்றைக்கு உடம்பு அசதி. நேற்று எழுதியதில் தேதியை மட்டும் மாற்றினாள். காற்றின் வேகம் பதினெட்டு நாட், அதாவது மணிக்கு முப்பத்துமூன்று கிலோமீட்டர்; அலை இடுப்பளவு.

"மதியம் காத்து வருமாக்கா?" என்று தம்பி கேட்டபோதும் வாய் கூசவில்லை.

"போர்டுல எழுதியிருக்கேன்ல, கண்ணு தெரியலையா?"

அம்மா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. அவள் எழுதியது அவனுக்கு வேதவாக்கு. அவன் ஹெல்மெட்டில் இருந்த வாக்கி-டாக்கியைக் கூப்பிட்டாள்.

"டேய், காத்தே இல்லை. கரைக்கு வா."

"என்னக்கா சொல்ற? கை பிஞ்சு போற மாதிரி இழுக்குது. பதினெட்டு இருக்கும்."

"கைட்டைக் கழட்டி விட்டுட்டு நீந்தி வா."

வாக்கி-டாக்கியில் தண்ணீர் களகளத்தது.

"அப்பவே கழட்டிட்டேன்க்கா."

அவள் பாலத்தில் ஓடினாள். நடுவில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைத் தூக்கினார்.

"காலையிலேருந்து ஒரு பொட்டுக் காத்து இல்லம்மா. அது எப்படி நிக்குது?"

அவள் நிற்காமல் ஓடினாள். முனையில் காற்றுமானியின் கிண்ணங்கள் அசையாமல் இருந்தன. கைட்டிலிருந்து நாலு கயிறுகளும் விறைப்பாக இறங்கித் தண்ணீருக்குள் போயின. பலகை இல்லை. தலை இல்லை.

கைட் அவளை நோக்கி வந்தது. மெதுவாக. தாழ்வாக. கைப்பிடிச் சுவருக்கு அருகில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஒருக்களித்து நின்றது.

கைட்டை இறக்க நினைப்பவர் தன் தலையில் தட்டிக் காட்டுவார். கரையில் நிற்பவர் தன் தலையில் தட்டினால், நான் பிடிக்கிறேன் என்று அர்த்தம். முதல் நாளிலிருந்து தம்பிக்குப் பிடித்துக் கொடுப்பது அவள்தான்.

தண்ணீரிலிருந்து ஒரு கை வந்தது. அவனுடைய கறுப்பு உறை போட்ட கை. மடங்கித் தட்டியது. அதன் கீழே தலை இல்லை. வெறும் தண்ணீர். தப். தப்.

"புடிக்கா," என்றது அவள் இடுப்பில் செருகியிருந்த வாக்கி-டாக்கி. அவன் குரல்தான்.

பிடிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. பிடிக்காவிட்டால் அவன் வரவே மாட்டான் என்றும் தோன்றியது. அவள் கை தானாகத் தலைக்குப் போனது. தட்டியது. அடுத்த நொடி கைட்டின் விளிம்பு அவள் பிடியில் இருந்தது.

தட்டல் நின்றது.

கை கயிற்றைப் பற்றி ஏறத் தொடங்கியது. மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. அதற்குப் பிறகும் கை வந்தது. இன்னொரு முழங்கை. இன்னொன்று. பாலத்துப் பலகை மட்டத்துக்கு வந்துவிட்டது.

தோள் மட்டும் வரவேயில்லை.