உப்பு இறங்கிய தண்ணீர்

ஆர்டீமியாக் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கிற பக்கமாகத்தான் நீந்தும். மணற்பொடி போன்ற முட்டைகளை ஒரு பாட்டில் உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக் குழாயைச் சொருகி வைத்தால், மறுநாள் ஆரஞ்சுத் தூசி மாதிரி இறால் குஞ்சுகள் பொரிந்து மிதக்கும். பாட்டிலின் ஒரு பக்கத்தில் டார்ச் அடித்தால் போதும், அத்தனையும் அங்கே வந்து மொய்க்கும். அப்படியே உறிஞ்சி எடுத்துத் தொட்டியில் விட்டால், பவளங்கள் ஒவ்வொன்றாகக் கை நீட்டிப் பிடித்துத் தின்னும்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் செந்தமிழன் டார்ச்சை அடித்தபோது, குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வரவில்லை. எதிர்ப்பக்கம் ஒதுங்கின. அவர் டார்ச்சைச் சுற்றிக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தில் பிடித்தார். அவை அசையவில்லை. பாட்டிலைத் திருப்பி வைத்தார். ஆரஞ்சுப் படலம் கலைந்து, மெதுவாக நீந்தி, மறுபடி அதே திசையில் போய்ச் சமையலறைச் சுவரைப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

அந்தச் சுவருக்கு அப்பால் யாழினியின் அறை. அறையில் அவள் வைத்துவிட்டுப் போன தொட்டி.

யாழினி அவர்களுக்கு ஒரே பெண். விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். போன ஆடியில், முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீர் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வெள்ளம் பார்க்கத் தோழிகளோடு போனாள். மணல் திட்டில் நின்றிருக்கிறார்கள். தண்ணீர் சத்தமில்லாமல் பின்பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறது. தோழிகள் ஏறி வந்துவிட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் கல்லணைக்கு அப்பாலும் போய்த் தேடினார்கள். அவளுடைய துப்பட்டாகூடக் கிடைக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தின் வடக்குக் கோடியில் இருக்கும் அந்த அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நின்றால் கொள்ளிடம் தெரியும். செந்தமிழன் பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பீரோவில் போட்டுவிட்டார். புத்தூரில் இருக்கும் தன் மருந்துக்கடைக்குப் போவார், வருவார், நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் உட்காருவார். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு, கற்களின்மேல் உறையூர் முகம்மது கனியின் வண்ணமீன் கடையிலிருந்து அவள் துண்டு துண்டாக வாங்கி வந்து ஒட்டி வளர்த்த பவளங்கள், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு சின்ன மீன்கள். "அது செடி இல்லப்பா. வாய் இருக்கு, வயிறு இருக்கு, பசிக்கும்" என்று யாழினி சொல்வாள். அவள் இருந்தவரை கரண்ட் பில்லைக் காட்டி முணுமுணுத்தவர், அவள் போனபின் உப்புக் கலந்தார், தண்ணீர் மாற்றினார், கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டினார். துக்கத்துக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அவர் மனைவி பானுமதி மட்டும் அந்த அறை வாசலை மிதிக்கவே இல்லை. தை பிறந்தபின் ஒருநாள் அவளாகவே உள்ளே போய்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அவருக்கு மனசு லேசானது. சாப்பிட ஆரம்பித்தாள். தலை வாரிக்கொண்டாள். இரை பொரிக்க வைப்பதைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஒரு பாட்டில் இரண்டானது, இரண்டு நாலானது. இப்போது சமையலறை மேடை முழுக்கத் தலைகீழாகக் கவிழ்த்த பிளாஸ்டிக் பாட்டில்கள் குமிழியிட்டுக்கொண்டிருந்தன. அடுப்பைச் சுற்றிலும் கருவாட்டுக் கூடை மாதிரி ஒரு வாடை.

"இவ்வளவு எதுக்கு பானு? தண்ணி கெட்டுப்போயிடும்."

"பத்தலைங்க" என்றாள்.

பாட்டில்களை அப்படியே விட்டுவிட்டு அவர் அறைக்குள் போனார். வழக்கமாக அந்த அறையில் கடற்கரையின் ஈரவாடை இருக்கும். இன்று வேறு ஏதோ. புதுவெள்ளம் வரும்போது அடிக்கிற செம்மண் வாடை, அழுகிய நாணல், நனைந்த துணியை மூட்டை கட்டி வைத்ததுபோல ஒரு புழுக்கம். மீன்கள் இரண்டும் மேல்மூலையில், பம்புக்குப் பின்னால், ஒன்றோடொன்று ஒட்டி ஒடுங்கிக் கிடந்தன. நடுவில் இருந்த கல்லை அவர் பார்த்தார். தை மாதத்தில் அது ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. இப்போது அதன்மேல் வெளிறிய, சதை நிறப் பவளம் ஒன்று படர்ந்து மூடிப் பின்கண்ணாடி வரைக்கும் தடித்திருந்தது. அதன் மேலெல்லாம் நெருக்கமாகச் சின்னச் சின்ன வாய்கள். எல்லாம் ஒன்றாக விரிந்தன. ஒன்றாகச் சுருங்கின. மறுபடி விரிந்தன. பம்பு எழுப்பும் அலையின் தாளத்தில் இல்லை. அலை ஒரு பக்கம் போக, அவை தம்பாட்டுக்கு, நிதானமாக, தூங்குகிறவளின் மார்பு ஏறி இறங்குவதுபோல.

உப்பு குறைந்திருக்குமோ என்று மீட்டரை எடுத்தார். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கோடு அடியில், பூஜ்யத்தில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அடியில்தான். விரலைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்தார்.

உப்பே இல்லை. ஆற்றுத் தண்ணீர். பல்லில் மணல் நெறுநெறுத்தது.

நல்ல தண்ணீரில் பவளம் சற்று நேரம்கூடத் தாங்காது, கரைந்து நாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். இவை மலர்ந்து, கொழுத்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அவர் ஒரு வாளியில் உப்பை அடர்த்தியாகக் கலக்கித் தொட்டியில் ஊற்றினார். காலையில் பார்த்தபோது கோடு மறுபடி அடிக்கு இறங்கியிருந்தது.

பானுமதி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"இனிமே உப்பு போடாதீங்க. கண்ணு எரியுதாம்."

"யாருக்கு?"

கடுகு வெடித்தது.

அன்றைக்குத்தான் அவர் வெகுநாளாக மனசில் வைத்திருந்ததை வாய்விட்டுச் சொன்னார். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் ஒரு ஐயரைப் பார்த்துப் பேசியிருப்பதாகவும், உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணலாம் என்று அவர் சொன்னதாகவும், அமாவாசை அன்றைக்கு முடித்துவிட்டால் பிள்ளை எங்கே இருந்தாலும் ஓரிடத்தில் அமைதியாக இருக்கும் என்றும் சொன்னார். பானுமதி கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோன்ற இரக்கம்.

"எதுக்குங்க தர்ப்பையில செய்யணும்?" என்றாள்.

அவர் அன்றே கடையிலிருந்து கனிக்குப் போன் செய்தார். தொட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், மீன், கல், எதையும் விடவேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கனி வந்தார். கையில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள். யாழினி கடைக்கு வந்தால் மணிக்கணக்கில் கேள்வி கேட்பாள் என்று படி ஏறும்போதே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பானுமதி கோவிலுக்குப் போயிருந்தாள்.

கனி தொட்டிக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சார், நடுவுல இருக்கிறது நான் குடுத்த பீஸ் இல்ல."

"அப்புறம் எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியல சார். இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார். விரல்கள் கல்லின்மேல் பட்டதும் அப்படியே நின்றார். செந்தமிழன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கனியின் உதடு எதையோ ஓதியது. கையை வெளியே எடுத்து, துடைக்காமல், சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"தண்ணி சில்லுனு இருக்கு சார். ஆனா அது சுடுது."

"சுடுதுன்னா?"

"பிள்ளைங்க தூங்கறப்ப கழுத்துல கை வச்சுப் பாப்போமே. அந்தச் சூடு."

டப்பாக்களை எடுத்துக்கொள்ளவில்லை. "என்னால இத எடுத்துட்டுப் போக முடியாது சார். தப்பா நெனைக்காதீங்க" என்றார். படியில் இறங்கும் சத்தம் தரைத்தளம் வரைக்கும் ஓட்டமாகவே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பானுமதியின் தங்கை வந்து, உறையூரில் ஒரு வளைகாப்பு, ஒருமணி நேரம் முகத்தைக் காட்டிவிட்டு வரலாம் என்று கெஞ்சி அழைத்துக்கொண்டு போனாள். கதவு சாத்தியதும் வீடு மொத்தமும் குமிழிச் சத்தமாக இருந்தது. சமையலறையில் பாட்டில்களின் கொளகொளப்பு, அறையில் பம்பின் முனகல், மின்விசிறியின் கிறீச்சிடல், எல்லாவற்றுக்கும் அடியில், காது கொடுத்தால் மட்டும் கேட்கிற மாதிரி, ஏறி இறங்கும் ஒரு மூச்சு. செந்தமிழன் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். எதையும் உடைக்க வேண்டாம், கொட்ட வேண்டாம். சுவிட்சை அணைத்தால் போதும். காற்று இல்லாமல், ஓட்டம் இல்லாமல், தானாகவே எல்லாம் முடிந்துவிடும்.

அணைத்தார்.

நீல வெளிச்சம் போனது. பம்பு நின்றது. தண்ணீர் ஒரு தடவை ஆடி அடங்கியது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. திரையின் ஓரத்தில் கசிந்த வெயிலில் கல் வெறும் கல்லாகத் தெரிந்தது. அப்புறம் அதன் வாய்கள் திறந்தன. எல்லாம். ஒரே நேரத்தில். இதுவரை அவை அவ்வளவு அகலமாகத் திறந்து அவர் பார்த்ததில்லை. அவை மூடவில்லை.

ஒரு குமிழி மேலே வந்தது. பெரியது. உடைந்தது.

இன்னொன்று.

பிறகு சின்னச் சின்னதாக, அவசரமாக, கூட்டமாக.

அவர் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். டப். கண்ணாடியில் உள்ளிருந்து ஒரு அடி. டப். டப். உள்ளங்கையால் தட்டுவதுபோல. வலு இல்லாத அடி. இடைவெளி கூடிக்கொண்டே போனது. டப்.

அன்றைக்கு அவள் தண்ணீருக்குள் இருந்தபோது அவர் கடையில் நின்றிருந்தார். யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெயில் நன்றாக இருந்தது. ஒன்றும் தோன்றவில்லை அவருக்கு. நெஞ்சு அடைக்கவில்லை. ஒரு தடவைகூட.

டப்.

அவ்வளவுதான். நிசப்தம்.

அவர் ஓடினார். அரையிருட்டில் சுவிட்சைத் தடவினார். கிடைக்கவில்லை. நாற்காலி விழுந்தது. கிடைத்தது. போட்டார். பம்பு உறுமியது, நீல வெளிச்சம் அடித்தது, அவர் இரண்டு கைகளையும் சட்டையோடு தொட்டிக்குள் விட்டு அந்தச் சூட்டை வளைத்துப் பிடித்துக்கொண்டார். "தெரியாம பண்ணிட்டேன்டா" என்றார். "அப்பா தெரியாம பண்ணிட்டேன்." கைக்குள் அது மெல்ல, திணறித் திணறி, ஏறி இறங்கத் தொடங்கியது. நனைந்த தரையில் உட்கார்ந்து, அவள் போனபின் முதல்முறையாக, வாய்விட்டு அழுதார்.

பொழுது சாய்ந்தபிறகு பானுமதி வந்தாள். கையில் இலையில் சுற்றிய மல்லிகை. தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள், அவருடைய ஈரச் சட்டையைப் பார்த்தாள். அறைக்குள் போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தண்ணீர் சளசளக்கும் சத்தம். கல் உரசும் சத்தம். அவளுடைய வளையல்.

"என்னங்க, சீப்ப கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

அவர் எடுத்துக்கொண்டு போனார்.

பானுமதி முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். முழங்கைக்கு மேல்வரை தண்ணீருக்குள். கல்லைத் திருப்பி வைத்திருந்தாள். இத்தனை நாளும் பின்கண்ணாடியை ஒட்டியே இருந்த பக்கம் இப்போது முன்னால் இருந்தது. அந்தப் பக்கத்தில் பவளம் இல்லை. கருகருவென்று, நீளமாக, தொட்டியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தண்ணீரில் அலைந்தது கூந்தல். அதை அவள் மூன்றாகப் பிரித்திருந்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"சிக்கு" என்றாள், சீப்புக்குக் கையை நீட்டி. "எவ்வளவு சிக்கு பாருங்க."

அவர் கொடுத்தார்.

அவள் வாரினாள். ஆற்று மணல் உதிர்ந்து தண்ணீர் கலங்கியது. நாணல் துணுக்கு ஒன்று மிதந்து மேலே வந்தது. "ஆடாம இருடி" என்று சொல்லிவிட்டு, அடிப்பின்னலைப் பிடித்து இறுக்கினாள்.

இழுத்த இழுப்புக்குத் தலை பின்னால் சாய்ந்தது. மறுபக்கத்து வாய்கள் அத்தனையும், வலியைப் பொறுத்துக்கொள்வதுபோல, ஒன்றாக இறுக மூடிக்கொண்டன.