டர்போ குளிரட்டும்

வாசல்படியில் செருப்புகள் வரிசையாக இருந்தன.

அரிசி களைந்த தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்ற வந்த ஜிஜா, பாத்திரத்தை இடுப்பில் அணைத்தபடி அப்படியே நின்றாள். இரண்டே சோடிதான், அவளுடையதும் மகள் அபிஷாவுடையதும். இரண்டின் மூக்கும் சுவரைப் பார்க்க, குதிகால்கள் நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் இருந்தன. அந்த வீட்டில் மாதக்கணக்காக யாரும் செருப்பை அடுக்குவதில்லை. கணவன் எலியாவைக் கல்லறையில் வைத்துவிட்டுத் திரும்பிய அன்று, ஜிஜா ஒரு செருப்பைப் படியிலும் மற்றதை முற்றத்திலுமாக உதறிவிட்டுத்தான் உள்ளே போனாள். மாமியார் ஆனந்தபாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்கட்டும் என்றுதான் உதறினாள்.

மழை காலையிலிருந்தே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாமியார் குடையோடு ஆராதனைக்குப் போயிருந்தார். மேட்டிலிருக்கும் சபையின் ஒலிபெருக்கியிலிருந்து பாட்டு, ரப்பர் மரங்களுக்குள் நனைந்து, தேய்ந்து, பாதி வரிகளை வழியில் தொலைத்துவிட்டு வந்துகொண்டிருந்தது. அபிஷாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஜிஜா வீட்டில் தங்கிவிட்டாள். காய்ச்சல் உண்மைதான். இல்லாவிட்டாலும் தங்கியிருப்பாள். சபையில் அவள் உட்காரும் பெஞ்சில் இப்போதெல்லாம் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

உள்ளே போனாள். ஓடிக்கொண்டிருந்த டீவி நின்றிருந்தது. ரிமோட் அதன் தலையில், எலியா வைக்கச் சொன்ன அதே மூலையில் இருந்தது. கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. பன்னிரண்டு வயது அபிஷா, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு, மேசை முன்னால் புத்தகத்தை விரித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கண்கள் சிவந்து மின்னின.

"மக்கா, நீ எதுக்கு எழும்பின? செருப்ப நீயாக்கும் அடுக்கினது?"

"ஓ" என்று தலையாட்டினாள்.

"எதுக்கு?"

அபிஷா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பாக்க வண்டி வந்தாச்சுல்லா. கேக்கேல்லியா?"

காய்ச்சல் பேச்சு என்று சொல்ல ஜிஜா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கும் கேட்டது. மழைக்குக் கீழே, பாட்டுக்குக் கீழே, தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு தாழ்ந்த, சீரான உறுமல். மேசைமேல் தம்ளரில் தண்ணீர் மெல்ல வளையமிட்டது. கதவிடுக்கு வழியாக, கருகிய எண்ணெயின் இனிப்புக் கலந்த நாற்றம் நாக்கின் அடிவரை வந்து இறங்கியது. வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில், எலியாவின் பிக்கப் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வண்டியைப் பற்றி எலியா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். புகையின் வேகத்திலேயே சுற்றி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவது ஆயிலின் ஒரு மெல்லிய படலம் மட்டும்தான், ஓடிவந்த சூட்டில் பட்டென்று நிறுத்தினால் ஆயில் வரத்து நின்று உள்ளேயே கருகிவிடும் என்பான். அதனால் பாறசாலைச் சந்தைக்கு ரப்பர் பால் பீப்பாய்களை ஏற்றிப் போய்த் திரும்பியதும், எஞ்சினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுவான். "டர்போ குளிரட்டும்" என்பான். டர்போ குளிரும். அவன் குளிர மாட்டான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடி வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்தக் கொஞ்ச நேரம்தான் இந்த வீட்டுக்குக் கிடைக்கும் அவகாசம். டீவியை நிறுத்து, செருப்பை அடுக்கு, புத்தகத்தை விரி, முகத்தைக் கழுவு, சிரிப்பு இருந்தால் அதையும் துடை. எஞ்சின் ஓடும்வரை பயமில்லை. நின்றால்தான் பயம். நின்றால் கதவு திறக்கும், அவன் பாரம் இறங்கிய வண்டி ஒரு முறை மேலெழும்பி அமரும், பிறகு காலடிச் சத்தம். பதின்மூன்று வருஷம் ஜிஜா செய்த ஒரே ஜெபம், ஆண்டவரே, அது நிற்காமல் இருக்கட்டும் என்பதுதான்.

போன பங்குனியில் ஒரு மாலை அந்த ஜெபம் கேட்கப்பட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவும் மகளும் மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓடட்டும், ஓடட்டும் என்று ஜிஜா மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இருட்டிய பிறகு யாரோ வழியில் போனவர் எட்டிப் பார்த்துக் கத்தினார். மூளையில் ரத்தக் குழாய் வெடிப்பு, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில்.

"வண்டி அவ்வளவு நேரம் ஓடியும் இவ ஒருக்கா எட்டிப் பாக்கேல்ல" என்று ஆனந்தபாய் சபை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எட்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று சபைக்குத் தெரியுமா? ஐந்து வயதில் அபிஷா ஒரு முறை எட்டிப் பார்த்தாள். இடது புருவத்தில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. வருத்தப்படு என்று ஜிஜா தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். வரவில்லை. வராததை எங்கே போய்க் கடன் வாங்குவது? வண்டியைக் கொழுந்தன் கேட்டபோதும் கொடுக்கவில்லை. நானே ஓட்டுவேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பனச்சமூட்டு மெக்கானிக் சஜு மட்டும் சிரிக்காமல் வந்து பார்த்து, டர்போ போய்விட்டது, ரிப்பேர் செய்து தருகிறேன் என்றான்.

இப்போது அவனுக்குத்தான் போன் செய்தாள்.

"சஜு, இவருக்க வண்டி ஓடுது. கொட்டகையில நிண்ணு ஓடுது."

"அக்கா, அதுக்க பேட்டரி எனக்க கடையிலாக்கும் இருக்கு. நான்தானே களட்டிட்டு வந்தேன்."

ஜிஜா போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அவன் கேட்டான்.

"டர்போவுக்க ஆயில தடுக்கிற சீல் போன வண்டி, சொந்த ஆயிலயே குடிச்சிட்டு ஓடும். சாவிய திருப்பினா நிக்காது. ஆயில் தீரணும், இல்லைங்கி மூச்சு முட்டணும். காத்து போற குழாயில பலகைய வச்சு அமத்தணும். கைய வச்சா இழுத்திரும். நீங்க பக்கத்துல போவாண்டாம், நான் வாறேன்."

"அது சரி. ஓடத் தொடங்கினது எப்பிடி?"

"நான் வாறேன்" என்றான் சஜு மறுபடியும்.

ஆயில் குடிக்கும் வண்டி அலறும், தெரு கூடிவிடும் என்று அவனே முன்பு சொல்லியிருந்தான். இது அலறவில்லை. பொறுமையாக, தாழ்ந்த குரலில், நாள் முழுக்க ஓடிவந்த களைப்போடு, குளிர்ந்துகொண்டிருந்தது.

ஜிஜா சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கும் பலகையை எடுத்தாள்.

"அம்மா." அபிஷா எழுந்திருக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "நிப்பாட்டாண்டாம். நிண்ணா அப்பா உள்ள வந்திருவாரு. ஓடட்டும்மா."

ஓடட்டும். தன் சொல், தன் ஜெபம், மகளின் வாயில். தன் முதுகைப்போலவே விறைத்து நிமிர்ந்த அந்தச் சின்ன முதுகைப் பார்த்தபோது ஜிஜாவுக்குள் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று எழுந்து வந்தது. இந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகி, எந்த ஊருக்குப் போனாலும், ஏதோ ஒரு வண்டிச் சத்தத்துக்கு எழுந்து செருப்பை அடுக்கும். அது நடக்காது.

டீவியைப் போட்டாள். சத்தத்தை முழுக்க ஏற்றினாள். ரிமோட்டைக் கட்டிலில் எறிந்தாள். படிக்கு வந்து செருப்புகளைக் காலால் எத்திவிட்டாள். ஒன்று மழைக்குள் போய்க் கவிழ்ந்தது.

"நீ புஸ்தகத்த மூடு மக்கா" என்றாள். "இது நம்ம வீடாக்கும்."

கொட்டகைக்குள் நீலப் புகை இடுப்பளவு நின்றது. வண்டியின் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்திருந்தன. வீட்டைப் பார்த்த பக்கக் கண்ணாடியில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி துடைத்திருந்தது.

சாவி அவள் இடுப்பு முந்தானையில் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

பானெட்டைத் திறக்கும் பிடி உள்ளே, ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்தது. அதை இழுக்க ஓட்டுநர் கதவைத் திறந்தாக வேண்டும். திறந்தாள். வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோலச் சூடான காற்று முகத்தில் அடித்தது. பீடி. வேர்வை. ரப்பர் பால். இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது. குனிந்து கையை நீட்டி, அந்த அமுங்கலுக்குக் குறுக்காக, முழங்கால்கள் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே துழாவினாள். தலைக்கு மேல் யாரோ மூக்கால் மெல்ல மூச்சுவிட்டார்கள். அவளுக்கு அந்த மூச்சைத் தெரியும். பிடி கையில் சிக்கியது. இழுத்தாள். கதவை அறைந்து சாத்தினாள்.

பானெட்டைத் தூக்கினாள். காற்று வடிகட்டியைச் சஜு ஏற்கெனவே கழற்றியிருந்தான். குழாயின் கறுத்த வாய் திறந்துகிடந்து, காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பலகையை வைத்து, இரண்டு கையாலும் அமுக்கினாள்.

எஞ்சின் அதிர்ந்தது. திமிறியது. தகரக் கூரை கடகடத்தது.

"செத்தது நீயாக்கும்" என்றாள் ஜிஜா, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் எட்டிப் பாக்கேல்ல. எனக்குச் சங்கடமும் இல்ல. கேட்டுக்கோ."

ஒரு இருமல். இன்னொன்று. நின்றது.

விசிறி நின்றது. பெல்ட் நின்றது. மழையும் பாட்டும் டீவியும் மட்டும். ஜிஜா கையை எடுக்கவில்லை. பலகை அவள் உள்ளங்கையை மெல்ல மேலே தள்ளியது. பிறகு உள்ளே இழுத்தது. மறுபடி தள்ளியது. அந்த வாய்க்கு இழுக்க மட்டும்தான் தெரியும். அது ஊதாது. எந்த எஞ்சினிலும் ஊதாது. அவள் முழு உடம்பையும் பலகைமேல் சாய்த்தாள். தள்ளியது. இழுத்தது. தள்ளவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள்.

ஓட்டுநர் கதவு திறந்தது.

வண்டி ஒரு முறை மேலெழும்பி அமர்ந்தது.

அவள் ஓடினாள். வீட்டைப் பார்த்துத்தான் ஓடினாள். படியில் ஏறித் திரும்பி, பலகையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். முற்றத்தில் மழை விழுந்தது. ஓரிடத்தில் மட்டும் தரைவரை விழவில்லை. அந்த இடம் நடந்து வந்தது.

பின்னால் டீவிச் சத்தம் நின்றது.

"மக்கா, நிறுத்தாத."

"நானில்லம்மா." அபிஷாவின் குரல் மிக அருகில், முதுகோடு ஒட்டி வந்தது. எழுந்து வந்திருந்தாள். காய்ச்சல் கை அம்மாவின் இடுப்பைப் பற்றியிருந்தது.

மழையில் கவிழ்ந்து கிடந்த செருப்பு மெதுவாக நிமிர்ந்தது. தண்ணீரில் ஊர்ந்து படியேறியது. அடுத்தது. அடுத்தது. மூக்கு சுவரைப் பார்க்க. குதிகால்கள் ஒரே கோட்டில். நாலும் வரிசையான பிறகு, ஐந்தாவதாக ஒன்றும் ஆறாவதாக ஒன்றும் வந்து நின்றன. எலியாவின் கறுப்புத் தோல் செருப்புகள். சவப்பெட்டிக்குள் அவன் காலில் மாட்டி, ஜிஜாவே வாரை இறுக்கிவிட்ட செருப்புகள். கல்லறைச் செம்மண் அப்பியிருந்த அவை மட்டும் சுவரைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்து நின்றன.

ஜிஜா நகரவில்லை.

அவள் பக்கத்தில் ஒரு சின்ன வெறுங்கால் முன்னால் வந்தது. நடுங்கியது. பிறகு, முழுப் பலத்தோடு, வரிசையை எத்தியது. செருப்புகள் முற்றமெங்கும் சிதறின.

"வராண்டாம்" என்றாள் அபிஷா.

மழையில், மிக மெதுவாக, முதல் செருப்பு மறுபடி நிமிர்ந்தது. அம்மாவும் மகளும் காலை ஓங்கிக்கொண்டு நின்றார்கள்.