எட்டு வாரத் தீனி

படகைச் சுற்றி ஒரு பறவைகூட இல்லை.

மற்றபடி ஏரியில் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. வெயில் தணிந்து எல்லாம் அடையத் திரும்பும் சனிக்கிழமைச் சாயங்காலம். நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பட்டமரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தன. கோரைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதேதோ முனகுவதும், ஈரச் சேறும் அழுகிய தண்டும் கலந்த அந்த வாசனையும் வழக்கம்போலத்தான். ஆனால் புள்ளி உட்கார்ந்திருந்த சின்னப் படகைச் சுற்றி, நாலு பக்கமும் இருபது அடிக்கு, யாரோ கையால் ஒதுக்கிவிட்டது மாதிரி வெறும் தண்ணீர். போன வாரம்வரை படகின் விளிம்பிலேயே வந்து உட்கார்ந்த மீன்கொத்திகூட, இன்று அந்த வட்டத்தின் ஓரம்வரை பறந்து வந்து சடாரென்று திரும்பிப் போய்விட்டது.

"ஏன், நான் குளிக்காம வந்துட்டேனா?" என்று அதைப் பார்த்துக் கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டான்.

புள்ளி என்பது அச்சகத்தில் ஒட்டிய பெயர். பதினெட்டு வருடம் அங்கே பிழை திருத்தினான். நானூறு பக்கத்தில் எங்கோ ஓர் எழுத்தின் தலையில் புள்ளி விட்டுப் போயிருந்தால், பயலுக்கு அது மூக்கில் வியர்த்துவிடும். அப்பேர்ப்பட்டவனை அச்சகம் ஒருநாள் கையைக் குலுக்கி வெளியே அனுப்பியது. கல்யாணம், குடும்பம் எதுவும் அமையாதவன். மூன்று மாதம் ஒண்டி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனை அக்காதான் வந்து, "நாங்க இருக்கறப்ப நீ ஏன்டா அநாதை மாதிரி கிடக்கறே?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எதுவும் செய்வான். போட்ட சாப்பாட்டையும் கொடுத்த அறையையும்விட, அந்த வார்த்தைதான் அவனை எழுப்பி உட்காரவைத்தது.

அக்கா வீட்டிலும் துக்கம் உண்டு. ஒரே பெண் குட்டி, இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆறு வயதில், தண்ணீரில் போய்விட்டாள். பழைய ஊரில், ஆற்றில் என்று சொன்னார்கள். உடல் கிடைக்கவேயில்லை. தாய்மாமன் என்று இவன் ஒருத்தன். "மாமோவ்" என்று இழுத்துத்தான் கூப்பிடுவாள். பறவை வரைவது எப்படி என்று இவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு புள்ளி வை, அதற்கு ஒரு மூக்கு வை, முடிந்தது பறவை. வந்த புதிதில் அக்காவிடம் அந்தப் பேச்சை எடுக்கவே பயந்தான். ஆனால் அவள் அழவில்லை. தையல் மெஷினில் குனிந்தபடி, "வருவாடா" என்று மட்டும் சொன்னாள். பாவம், மனசு ஏற்கவில்லை என்று விட்டுவிட்டான்.

ஏரிக்குக் கூட்டி வந்தது அத்தான். குடிநீர்க் குழாய் பழுது பார்ப்பது அவர் வேலை. நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அப்படிப்பட்டவர் தூண்டில் என்று வந்தால் வாத்தியாராகிவிடுவார்.

"இங்க ஒரு பெரியவன் இருக்கான் மாப்ளே," என்றார் முதல் வாரம். "சும்மா முள்ளைப் போட்டா வரமாட்டான். பழக்கணும். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே தீனி. எட்டு வாரம் முள்ளே கிடையாது, தீனி மட்டும்தான். அப்பதான் நம்புவான்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது அத்தான்?"

"வலப்பக்கம் சின்னத் தூண்டில் போட்டுக்கோ. பறவை பாரு. ஆனா ஆடாம உக்காரு. ஆடினா பயந்து ஓடிடும்."

அவருக்கு முதுகுவலி. அதனால் கரையிலேயே உட்கார்ந்துகொள்வார். கரைக் கம்பத்தில் கட்டிய நீளக் கயிறுதான் படகுக்குத் துடுப்பு. திரும்பி வர இவன் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரவேண்டும். இவனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் விழுந்துவிடும் என்று போனையும் காரிலேயே வைக்கச் சொல்லிவிடுவார். இடப்பக்கம் எட்டு மாவு உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போடவேண்டும். அவ்வளவுதான் வேலை. உருண்டைகளை அக்கா வீட்டிலேயே பிசைந்து, வாளியில் ஈரத்துணி மூடி அனுப்புவாள்.

அந்த ஏழு சனிக்கிழமைகள் அவன் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், தக்கை ஒருமுறை லேசாகத் தலையாட்டி அமுங்கும்போது நாற்பத்திரண்டு வயதுக்காரனுக்கு நெஞ்சு பள்ளிக்கூடப் பையனுக்குப்போல அடித்துக்கொள்ளும். விரலில் நரம்பு துடிக்கும். உள்ளங்கை அகலத்தில் ஒரு கெண்டை பளீரென்று வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவான். மீதி நேரம் முழுக்கப் பறவை. நோட்டில் வாரத்துக்கு ஒரு பக்கம்: நடுவில் படகுக்கு ஒரு சின்னச் சதுரம், சுற்றி எங்கெங்கே எது இருந்ததோ அங்கெல்லாம் மூக்கு வைத்த புள்ளி. இருநூற்றுப் பதினாறு. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. எண்ணி முடித்து நிமிரும்போது, அச்சகமாவது மண்ணாவது என்றிருக்கும்.

இன்று எட்டாவது வாரம். இன்று வாளி வரவில்லை.

"தீனி எங்கே அத்தான்?" என்று படகில் ஏறும்போது கேட்டான்.

"இன்னைக்கு வேணாம்."

"அப்ப முள் போடலாமா?"

அத்தான் படகைக் காலால் தள்ளிவிட்டார். "அதெல்லாம் போட்டாச்சு மாப்ளே," என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது, வெறும் தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பதில் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்தியது. தக்கையும் அசையவில்லை. ஒரு மணி நேரமாக ஒரு குஞ்சு மீன்கூடக் கடிக்கவில்லை. வலப்பக்கம் தொங்கவிட்ட காலை இழுத்துக்கொண்டான். ஏனென்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

பென்சில் கைதவறி, அவன் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் உருண்டது. குனிந்து துழாவினான். கையில் பட்டது பென்சில் இல்லை. போன வாரம் வாளியிலிருந்து தவறி விழுந்திருக்க வேண்டும், ஒரு மாவு உருண்டை, காய்ந்து கல்லாகியிருந்தது. எடுத்து விளிம்பில் தட்டினான். இரண்டாகப் பிளந்தது.

உள்ளே முடி.

சின்னச் சின்னதாக நறுக்கிய முடி, கறுப்பும் நரையும். அதற்கு நடுவே நீலச் சட்டைத் துணியில் கிழித்த ஒரு துண்டு, பட்டனோடு. அந்தப் பட்டன் அவனுக்குத் தெரியும். பாதி உடைந்த பட்டன். கொடியில் காயப்போட்ட அவனுடைய அந்தச் சட்டை ஒரு நாள் காணாமல் போனபோது, "காத்துல பறந்திருக்கும்டா, விடு" என்று அக்கா சொன்னாள். அக்காதான் வெள்ளிக்கிழமை தவறாமல் முக்காலி போட்டு உட்காரவைத்து அவனுக்கு முடிவெட்டினாள். "வாரா வாரம் வெட்ட என் தலையில என்னக்கா இருக்கு?" என்று கேலி செய்வான். அவள் சிரித்துக்கொண்டே, தரையில் விரித்த காகிதத்தை ஒரு முடி சிந்தாமல் மடித்து எடுத்துக்கொண்டு போவாள். எவ்வளவு சுத்தம் பார்க்கிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

ஒரே இடம். ஒரே நேரம். ஒரே தீனி.

இல்லை, இதற்கு ஏதாவது காரணம் இருக்கும், மீனுக்கு முடி வாசம் பிடிக்குமோ என்னவோ, அத்தானிடம் கேட்டால் சொல்லிவிடுவார். நோட்டை எடுத்தான். முதல் வாரம். இரண்டாம் வாரம். எல்லாப் பக்கத்திலும் புள்ளிகளை அவனே வைத்தான், அவனே எண்ணினான். புள்ளி இல்லாத இடத்தை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை.

முதல் வாரம் எதிர்க்கரை மதகு ஓரம் ஒரு வெள்ளை வட்டம். அங்கே ஒரு பறவையும் இல்லை. இரண்டாம் வாரம் வட்டம் மதகைவிட்டுத் தள்ளி. மூன்றாவது, பட்டமரத்துக்கு இப்பால். நான்கு. ஐந்து. ஆறில் ஏரியின் நடுவே. ஏழில் சதுரத்துக்கு இடப்பக்கம், விரல்கடை தூரத்தில். நானூறு பக்கத்தில் ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கிறவன் ஏழு பக்கத்தில் இதைக் கோட்டைவிட்டிருக்கிறான்.

"அத்தான்!" என்று கத்தினான். "நான் வந்துடறேன்!"

கரையில் அவர் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக உட்கார்ந்திருப்பார்.

பலகையைவிட்டு இறங்கி, பின்னால் கிடந்த கயிற்றைப் பிடிக்கத் தவழ்ந்தான். தவழ்ந்தபோது பலகையின் அடிப்பாகம் கண்ணுக்கு நேராக வந்தது. மஞ்சள் கிரேயான். வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மூக்கு.

பழைய ஊரும் இல்லை. ஆறும் இல்லை. இந்த ஏரி. இந்தப் படகு. எட்டு வாரமாக அவள் வரைந்த பறவைகளின் மேல் உட்கார்ந்துதான் அவன் பறவை எண்ணியிருக்கிறான்.

கயிற்றை இழுத்தான். லேசாக வந்தது. ரொம்ப லேசாக. இன்னும் இழுத்தான். படகு நகரவில்லை, கயிறுதான் வந்தது, ஈரமாக, பாம்பாக, சுருள்சுருளாக மடியில். கடைசியில் நுனி வந்தது. அறுந்த நுனி இல்லை. அவிழ்த்த நுனி. முடிச்சின் மடிப்பு அதில் அப்படியே இருந்தது.

"அத்தான்! கயிறு!"

கரையில் இப்போது இரண்டு பேர். ஏரிப்பக்கமே வராத அக்கா. ஒரு தோளில் பெரிய துவாலை. கையில் மஞ்சள் பாவாடை சட்டை, இந்த வாரம் முழுக்க மெஷினில் தைத்துக்கொண்டிருந்தது. யாருக்கு என்று கேட்டதற்கு, "எட்டு வயசுப் பொண்ணுக்கு" என்றாள். யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்தான். குட்டி இருந்தால் இப்போது எட்டு.

"அக்கா!" கயிற்று நுனியைத் தூக்கிக் காட்டினான். "அக்கா, எனக்கு நீச்சல் தெரியாதுக்கா! உனக்குத் தெரியுமில்ல!"

அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு இடப்பக்கத்துத் தண்ணீரைப் பார்த்தாள்.

"ஆடாம உக்காருடா தம்பி," என்றாள். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தவனைத் தூங்கவைத்த அதே குரல். "பயந்து ஓடிடப் போறா."

அவனுக்கு அழுகை வந்தது. பயத்தைவிட அதுதான் முதலில் வந்தது. கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. குட்டிக்காக என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் சொல்லவாவது விட்டிருக்கலாம். நாங்க இருக்கறப்ப என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாளே. இதற்குத்தானா.

ஏரி அடங்கியது. நாமக்கோழிகள், நீர்க்காகங்கள், கோரைக்குள் முனகியவை, எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. ஒன்றும் பறக்கவில்லை. வட்டத்தின் விளிம்பில் எல்லாம் அப்படியே மிதந்தன, அவனைப் பார்த்தபடி.

தக்கை அமுங்கியது. திரும்ப வரவில்லை.

படகுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. மெதுவாக. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. முடியவே இல்லை, போய்க்கொண்டே இருந்தது. சேறு வாசனை. அதோடு கொஞ்சம் மாவு வாசனை.

பிறகு, இடப்பக்கம், மிக அருகில், தண்ணீருக்குள்ளிருந்து:

"மாமோவ்."

அவள் குரல்தான். அதே இழுப்பு. கரையில் அக்கா விம்மினாள். அத்தான் கையைக் கூப்பினார். புள்ளியின் நெஞ்சு ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷத்தில் துள்ளியது.

படகு இடப்பக்கம் சாய்ந்தது.

விளிம்பைப் பிடித்தது ஒரு கை. சின்னக் கை. வெளுத்த, ஊறிப்போன சின்ன விரல்கள், ஒவ்வொன்றாக மேலே வந்து மரத்தைப் பற்றின. அவன் எண்ணினான். எண்ணாமல் இருக்க அவனுக்குத் தெரியாது. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறு.

ஏழு.

விரல்கள் வந்துகொண்டே இருந்தன.

"அக்கா," என்றான் மெல்ல. "அக்கா, இது குட்டி இல்லக்கா."

கரையில் அக்கா, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக முகம் முழுக்கச் சிரிப்போடு, தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி, துவாலையை இரு கையாலும் அகல விரித்துப் பிடித்தாள்.