புளிக்காத தயிர்

தயிர் புளிக்கவில்லை.

மந்தைவெளியில், கத்திரி வெயிலில், ஃப்ரிட்ஜுக்கு வெளியே சமையல் மேடை மூலையில் கிடந்த முந்தாநாள் தயிர் அது. இந்நேரம் வாயில் வைக்க முடியாமல் பொங்கி வழிந்திருக்க வேண்டும். வைதேகி விரலால் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தோய்த்த அன்று இருந்த அதே இனிப்பு, கத்தியால் வெட்டி எடுக்கலாம் போல அதே கெட்டி. பாத்திரம் மட்டும் மார்கழி மாதத்துக் குழாய்த் தண்ணீரைப் போல ஜில்லென்று இருந்தது. முகர்ந்தால், அடியிலிருந்து துருப்பிடித்த இரும்பு வாசனை லேசாக வந்தது.

ஏன் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் கணவன் ஜெயராம் ஆராய்ச்சிக் கப்பலில் போய்வந்தபோது ஒரு கருங்கல் துண்டு கொண்டுவந்திருந்தான். சின்னக் குழவி மாதிரி உருண்டையாக, நல்ல கனம். கடலின் தரைக்கும் கீழே, வெகு ஆழத்தில் பாறையைத் துளைத்து எடுத்தது.

"இதுல உசிரு இருக்குங்கறேளே, நிஜமாவா?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"நிஜம்தான்டி. வெடிப்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர். வெளிச்சம் கிடையாது, சாப்பாடும் இல்லாத மாதிரிதான். அதனால அதுக்கு அவசரமே இல்லை. ஒண்ணு ரெண்டாறதுக்கே ஆயிரம் வருஷம் ஆகலாம்."

"உங்க தம்பி குளிக்கக் கிளம்பற மாதிரி."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஷோகேஸில் இருந்த அந்தக் கல்லை, பூனைத் தொல்லைக்குப் பயந்து அவள்தான் பால் பாத்திரத்தின் மூடித்தட்டு மேல் கனத்துக்கு வைத்தாள். தட்டு சரிந்து, கல் வெதுவெதுப்பான பாலில் தொபுக்கென்று விழுந்தது. முழுசாக ஒரு லிட்டர் பாலை யாருக்குத்தான் கொட்ட மனசு வரும்? கரண்டியால் கல்லை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, வழக்கம்போல உறைமோரை விட்டாள்.

அந்தத் தயிரில் கொஞ்சம் கொடுத்த மறுநாளே எதிர் ஃப்ளாட் விஜயலக்ஷ்மி மாமி கிண்ணத்தோடு வந்து நின்றாள். "ஏண்டி வைதேகி, நேத்திக்கு நீ குடுத்த தயிர் அமிர்தம்டி! எங்காத்துக்கும் கொஞ்சம் உறைமோர் குடு. இந்த வெயில்ல புளிக்காம இருந்தா உனக்குப் புண்ணியமாப் போகும்." மாமி வீட்டிலிருந்து அது மாடிக்குப் போயிற்று, கீழ்வீட்டுக்குப் போயிற்று, தி.நகரில் மாமியின் தங்கை வீட்டுக்கும் டப்பாவில் போயிற்று. கடைசியாக ஒரு கவளம் தயிர் சாதம் சாப்பிடாமல் இலையை விட்டு யார் எழுந்திருக்கிறார்கள்?

ஒரு கட்டெறும்பு தயிரில் விழுந்து கிடந்தது. செத்துவிட்டது என்று ஸ்பூனால் ஒதுக்கப் போனவள், அதன் ஒரு கால் மட்டும் தூக்கியபடி நிற்பதைக் கவனித்தாள். மறுநாள் அந்தக் கால் இறங்கியிருந்தது. வேறு கால் தூக்கியிருந்தது.

பிறகு ஜெயராம்.

"காபி கலக்கட்டுமான்னா?" என்று கேட்டால், அவளாகவே கலந்து வைத்த காபியில் ஏடு படிந்த பிறகு, "ம்ம்" என்று பதில் வந்தது.

"ஒரு காபிக்கு இவ்வளவு யோசனையா? டில்லிக்கு எழுதிப் போட்டுக் கேட்டுண்டு வரணுமோ?" என்று கேலி செய்தாள். அவன் உதடு சிரிக்க ஆரம்பித்தது. ஆரம்பித்தபடியே இருந்தது.

இன்று மத்தியானம் ஹாலில் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தான். இமை பாதி இறங்கியிருந்தது. தூங்குகிறான் என்று நினைத்து மிளகாய் வற்றலை எடுத்து வைத்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் பாதியில்தான் இருந்தது. ஒரு ஈ வந்து விழியின் வெள்ளையில் உட்கார்ந்து, சாவகாசமாகக் காலைத் தேய்த்துக்கொண்டது. அவன் அசையவில்லை.

"ஏன்னா... ஏன்னா!"

மார்பில் காதை வைத்தாள். சட்டைக்குள் கல்லின் குளிர்ச்சி. துருப்பிடித்த இரும்பு வாசனை. ஒரு துடிப்பு கேட்டது. அடுத்ததற்குக் காத்திருந்தாள். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டே முனை திரும்பிப் போனாள். அவள் குரலும் தேய்ந்து மறைந்தது. அப்புறம்தான், பாழுங்கிணற்றுக்குள் கல் விழுந்தாற்போல, இன்னொன்று.

உயிர் இருக்கிறது. யாரையாவது கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் பிழைத்துக்கொள்வான்.

போனை எடுத்தாள். உயிரில்லை. இப்போதுதானே சார்ஜிலிருந்து எடுத்தோம்?

டியூப்லைட் வேறு மங்கி மங்கி எரிந்தது. வோல்டேஜ் கோளாறு. சனியன், இந்த நேரத்திலா. வாசலுக்கு ஓடினாள். ஓடியதாகத்தான் நினைத்தாள்.

கதவைத் திறந்தாள். புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது.

கைப்பிடியில் தொங்கிய பையில் காலைப் பால். ஒரு பாக்கெட் இல்லை. பை நிறைய. அடியில் கிடந்தவை உப்பி வெடித்து, வழிந்து, தரையில் மஞ்சளாகக் காய்ந்திருந்தன.

இன்றைய பாலை இன்னும் எடுக்கவில்லை. அவ்வளவுதானே? இன்றைய பால்தானே?

மறுபடி மங்கியது. மறுபடி வெளிச்சம். திரும்பி அண்ணாந்து பார்த்தாள்.

டியூப்லைட்டைப் போடவே இல்லை.

ஜன்னல். மங்குவதும் விடிவதும் ஜன்னலில்.

தயிர் சாதம் அவளும்தான் சாப்பிட்டாள். தினமும்.

எதிர்க் கதவு திறந்திருந்தது. விஜயலக்ஷ்மி மாமி கிண்ணத்தை நீட்டியபடி நின்றாள். கிண்ணத்தில் தூசி. விழிகள் மட்டும் வைதேகியைப் பார்த்தன. தெரிந்துதான் பார்த்தன. உதடு எதையோ கேட்கத் திறந்துகொண்டிருந்தது.

'மாமி, அவரைக் காப்பாத்துங்கோ.'

வைதேகியின் நாக்கு அசைய ஆரம்பித்தது. கை முன்னால் நீண்டது.

வெளிச்சம். இருட்டு. வெளிச்சம்.

சிலந்தி கண்ணுக்கு அகப்படவில்லை. வலை மட்டும் வளர்ந்தது. மாமியின் முழங்கையிலிருந்து கிண்ணத்துக்கு. கிண்ணத்திலிருந்து, நடையைக் கடந்து, வைதேகியின் நீட்டிய விரலுக்கு.

இருட்டு.

வெளிச்சம்.

முதல் எழுத்து இன்னும் வாயை விட்டு வரவில்லை.