நல்லம்மாளின் பிள்ளைகள்

2024 நவம்பர் 2, சனிக்கிழமை. ஜார்ஜ்டவுனில் ஒரு தேவாலயத்தில் நடந்த கல்லறைத் திருநாள் பூசையில், இறந்தவர்களின் பெயர்களோடு லீனா, ஷேன், நவோமி என்ற பெயர்களும் வாசிக்கப்பட்டன. அப்படி மூன்று பேர் பிறந்ததே இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஷார்லின் தன் வாடகை அறைக்கு வந்தாள். பழைய கடைவீட்டின் மாடி. ஆறு வருடமாக எழுதிவரும் நாவலை முடிக்கவே அதை எடுத்திருந்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்ததும் புளித்த ரப்பர் பாலின் வாடை அடித்தது. ஜன்னலைத் திறந்துவிட்டாள். வாடை போகவில்லை.

நாவலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவளுக்கு அடிக்கடி குழம்பும். அதனால் ஆளுக்கொரு சீட்டு வைத்திருந்தாள். முன்பக்கம் பெயர், பின்பக்கம் அவர் வரும் அத்தியாயங்கள். கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர் பெயரை எழுதிப் பெட்டியில் போட சர்ச்சில் கொடுக்கும் சீட்டுகள் போன வருடம் மிஞ்சியிருந்தன. கெட்டி அட்டை. வீணாக்க மனமில்லாமல் அவற்றில்தான் எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை வரிசையை மாற்றிப் பார்க்க, அம்மாவும் மூன்று பிள்ளைகளுமாக நான்கு சீட்டுகளையும் மேசையில் பரப்பிவிட்டுப் போயிருந்தாள்.

இப்போது ஒன்றுதான் இருந்தது. நல்லம்மாள். சுங்கை பாக்காப் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவள். வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவப் பெயர் வைத்துக்கொண்டு பட்டணம் போய்விட்ட மூன்று பிள்ளைகளையும் நாவல் முழுக்கத் தேடி அலைபவள்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலையிலிருந்த கணவனை அழைத்தாள்.

"சீட்டா? சனிக்கிழம உன் கண்ணாடிய எடுக்க வந்தேன்ல, அப்ப பாத்தேன். பெட்டியில போட மறந்துட்டியேன்னு நானே போட்டுட்டேன் லா," என்றான் பெர்னார்ட். "உங்க வீட்ல யாரு செத்தாலும் எனக்குக் கடைசியாத்தானே தெரியும்."

"நல்லம்மாள மட்டும் ஏன் விட்டீங்க?"

"அது நம்ம சர்ச்சு ஆளு பேரு மாதிரி இல்லியே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாம் என் நாவல்ல வர்றவங்க. உயிரோட இருக்கவங்களுக்குப் பூச வச்சிட்டீங்க."

"அடக் கடவுளே! சரி, நேரா மோட்சத்துக்குப் போயிருப்பாங்க. சாயந்தரம் வந்து கோப்பி வாங்கித் தர்றேன், கோவிச்சுக்காத."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

மூன்று பிள்ளைகளும் பேசிய இடமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. நல்லம்மாள் கேட்ட கேள்விகள் மட்டும் நின்றன. சாப்பிட்டியாம்மா? எப்ப வருவ? கதவத் தெறக்க மாட்டியா? பென்டிரைவில் இருந்த நகலிலும் அப்படியே. லீனா என்று தட்டினாள். எழுத்துகள் வந்தன, நின்றன, மறைந்தன. மறுபடி தட்டினாள். மறுபடியும்.

லீனாவின் குரலை நினைத்துப் பார்த்தாள். ஆறு வருடம் காதில் கேட்ட குரல். வரவில்லை.

படிக்கட்டில் யாரோ ஏறினார்கள்.

மெதுவாக. படிக்குப் படி நின்று, மூச்சு வாங்கி.

எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போட நினைத்தாள். வாடை தொண்டைக்குள் இறங்கியது.

அதற்குள் காலடி கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"எம்பிள்ளைங்க எங்கம்மா?"

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அவள் எழுதிய குரல். ஆனால் அந்த வரியை அவள் எழுதியதில்லை.

"தெரியாது," என்றாள்.

"அனுப்பி வச்சது யாரு?"

"நானில்ல." நாக்கு தானாக ஓடியது. "நானில்லம்மா, பெர்னார்ட்தான்..."

சொன்ன பிறகே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு காலடி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது. வாடையும் கூடவே போயிற்று.

பெர்னார்டை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"அப்பறம் பேசுறேன் ஷார்லின். காவலுக்கு நிக்கிற ஜாகா கூப்பிட்டாரு. கேட்டுல ஒரு வயசான அம்மா எம்பேரச் சொல்லிக் கேக்குறாங்களாம்."

"போகாதீங்க! பெர்னார்ட், நான் சொல்றதக் கேளுங்க..."

"மழையில நிக்கிறாங்களாம் லா, பாவம். என்னான்னு கேட்டுட்டு வந்துர்றேன்."

தொடர்பு அறுந்தது. அதன் பிறகு அவன் எடுக்கவில்லை.

ஷிப்டு முடிந்தபோது அவனுடைய மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே இருந்தது. போலீசார் கேட்டில் இருந்த கேமராவின் பதிவைப் பார்த்தார்கள். மழையில் பெர்னார்ட் சாலையோரமாக நடந்து போகிறான். குடையைத் தனக்குப் பிடிக்காமல், பக்கத்தில் வருபவருக்குப் பிடிப்பதுபோல் தாழ்த்திப் பிடித்திருக்கிறான். குடைக்குக் கீழே யாரும் இல்லை.

அவன் இன்னும் வீடு திரும்பவில்லை.