எடுத்துக்கொடுத்த குரல்

தெருவே அவரை ‘மாமனார்’ என்றுதான் கூப்பிடும். மேடையிலும் சினிமாவிலும் நாற்பது வருடமாகப் பெண்ணைக் கட்டிக்கொடுத்துக் கண்கலங்கியவர். சொந்தத்தில் பிள்ளை கிடையாது. ஒரு வசனமும் மறக்காதவர் என்று பேர் வேறு. அந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்தவர் மனைவியின் அண்ணன். பல்வலிக்குக் கிராம்பை அடக்கிய வாயோடு, இடப்பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் கிசுகிசுத்து எடுத்துக்கொடுப்பார்.

அந்த மச்சான் போன மாதம் செத்துப்போனார்.

அதன்பின் முதல் ஒத்திகை. பிற்பகலில் பழைய நாடகக் கொட்டகைக்குள் நுழையும்போதே மாமனார் முதல் வரியை முணுமுணுத்துப் பார்த்தார். ஒரு வரி தடுமாறினால் போதும், நாற்பது வருடக் குட்டு உடைந்துவிடும்.

மூன்றாவது வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

கிராம்பு வாசனை வந்தது.

“என் பொண்ண உங்களை நம்பி அனுப்புறேன்...” என்றது இடப்பக்கத் திரை.

மாமனார் சொன்னார். அடுத்ததும் வந்தது, சொன்னார். அப்பாடா என்று பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தார்.

நாற்காலி காலி.

இன்னொரு வரி வந்தது. நாடகத்தில் இல்லாத வரி. காதில் விழுந்ததைச் சொல்லியே பழகிய வாய். பல்லைக் கடித்தும் நிற்கவில்லை.

“மச்சான் சாகக் கிடந்தப்ப என்னைக் கூட்டிவர ஆள் அனுப்பினாரு. வீட்டுல இல்லேன்னு சொல்லச் சொன்னேன்.”

“இது வசனத்துல இல்லையே அண்ணே!” இயக்குநர் துள்ளினார். “பரவால்ல, பிச்சுட்டீங்க. வச்சுக்கலாம்.”

வச்சுக்கிறதாவது! முதல் காட்சியன்று முன்வரிசையில் மனைவி உட்காருவாள். அண்ணன் தூக்கத்திலேயே போனதாகப் புருஷன் சொன்னதை நம்பிக்கொண்டிருப்பவள்.

அன்றே நாடகத்திலிருந்து கழன்றுகொண்டார். வீட்டிலும் வாய் திறப்பதில்லை. தொண்டைக்கட்டு என்று சைகை காட்டினார், தெரு நம்பவில்லை. நல்லவேளை, ஒரு படத்தில் ஊமை மாமனார் வேஷம் வந்தது. மனுஷனுக்குப் போன உயிர் திரும்பியது.

படப்பிடிப்பின் முதல் நாள், காபி பிளாஸ்க்கோடு மனைவியும் வந்திருந்தாள். மாமனார் உதட்டை இறுக மூடிக்கொண்டு அழுதார். ‘கட்’ சொன்ன பிறகும் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றவில்லை.

“சார்... நீங்க வாயே திறக்கல. ஆனா யாரோ பேசுறாங்க.”

“ஆம்பளையா, பொம்பளையா?” என்று இயக்குநர் சிரித்தார்.

“ஆம்பள. இதோ, இப்பவும்.”

மாமனார் பாய்வதற்குள் மனைவி ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துவிட்டாள்.

முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல வெளுத்தது.

அவள் புருஷனைப் பார்த்தாள். யாரோ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்பவளைப்போல, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

“ஏங்க... எங்கண்ணன்... ஆள் அனுப்பினாரா?”