தூசி என்று துடைத்தது

அது தூசி இல்லை என்பது துடைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அச்சகத்தில் அவள் வேலையே அதுதான். ஓவியங்களை ஸ்கேன் எடுக்கும்போது விழுகிற தூசியையும் கீறலையும், அஞ்சலட்டையாக அச்சாகும் முன், கணினியில் தேடித் தேடி அழிக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள்தான். இன்றைக்கு மனசு வீட்டில் கிடந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல்; கணவன் ஒண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில், மூல ஓவியத்தின் புகைப்படத்தோடு ஒப்பிடாமலே துடைத்துவிட்டாள்.

ஓவியமும் லேசுப்பட்டதல்ல. சிவப்புச் சுவர், ஒருபக்கம் சரியும் மேஜை, கோணல் கூஜா, அடிபட்டதுபோல் நீலம் பாரித்த பழங்கள். வரைந்தவன் என்ன ஆத்திரத்தில் இருந்தானோ, வண்ணத்தை அப்பித் தள்ளியிருந்தான். மேஜைக்கு அடியில் மட்டும் ஒரு கறுப்பு இருந்தது; அதைத்தான் தூசி என்று துடைத்திருந்தாள். இப்போது அங்கே வெறும் தரை.

அச்சு மெஷின் ஓட்டுகிறவர், சோதனைக்கு அடித்த அட்டையை நீட்டினார்.

"என்னம்மா, இந்தப் பழத்தைத் தின்னா ஆஸ்பத்திரிதான் போல!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையில் மை வாசனையே இல்லை. நாள்கணக்காய்ப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த ஈர வாடைதான் அடித்தது. அதோடு மெஷினின் தடதடப்புக்கு நடுவே, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், ஏதோ தரையோடு தரையாக உரசிக்கொண்டு வாசல்பக்கம் போவது கேட்டது. குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

போன் அடித்தது. பாப்பா.

"அம்மா, சாப்பாட்டு மேஜைக்குக் கீழ யாரோ உக்காந்திருக்காங்க."

"அப்பாவா இருக்கும்டா கண்ணு."

"அப்பா மருந்து வாங்கப் போயிருக்காங்க. இவங்க கறுப்பா இருக்காங்கம்மா. உடம்பெல்லாம் ஈரம். என்னை வா வான்னு கூப்பிடறாங்க."

"போகாதே! கதவைத் திறந்துக்கிட்டு வெளிய ஓடு! ஓடுடா தங்கம்!"

தொடர்பு அறுந்தது.

வீட்டுக்குப் பறந்து போனாலும் ஒரு மணி நேரமாகும். அழித்ததால்தானே அது வெளியே வந்தது? பாவி, பாவி! துடைக்காத பழைய ஸ்கேனைத் தேடி எடுத்தாள். கறுப்பு அதே இடத்தில் இருந்தது.

"அண்ணே, இதை அடிங்க! இப்பவே! நிறுத்தாம அடிங்க!"

உள்ளே போயிடு. தெய்வமே. உள்ளே போயிடட்டும்.

மெஷின் ஓடியது. போன் மறுபடி அடித்தது. கணவன்.

"கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. உடைச்சுக்கிட்டு வந்தேன். பாப்பாவை எங்கயுமே காணோம்டி!"

அட்டைகள் விழுந்துகொண்டிருந்தன.

மேஜைக்கு அடியில் அந்தக் கறுப்பு திரும்பி வந்திருந்தது. சம்மணமிட்டு. மடியில் இன்னொன்று.

சின்னது.

முதல் அட்டையில் அதன் வாய் 'அம்மா' என்று திறந்திருந்தது. அடுத்த அட்டையில் வாய்மேல் ஒரு கறுப்புக் கை. அதற்கடுத்ததில் முகமே இல்லை.